கூடி வாழும் நகர இல்லங்கள்

ஊருணி என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்களுள் ஒன்று. ஊரார் உண்ணும் நீரையுடைய நிலை ஆதலின், அஃது ஊருணி எனப் பெயர்பெற்றது. அந்நீர்நிலை ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. ஊரார் அனைவர்க்கும் உரியது. அதனைத் தூர் எடுத்தலும், கரையைக் காத்தலும், நீரைத் தூய்மையாக வைத்தலும் அவ்வூராரின் கடமைகளாம். உரிமை பொதுவாக இருப்பது போலவே கடமையும் பொதுவாக இருத்தல் ஊருணியின் இயல்பு. நீரை முகப்போர் பலராகவும் கரையைக் காப்போர் ஒருவருமில்லாமலும் போகுமானால், ஊருணி சில ஆண்டுகளிற் சேறாகிவிடும். பொதுவுடைமை எதுவாயினும் அதன் வாழ்வும் தாழ்வும் இந்த ஓர் உண்மையைப் பொறுத்தே அமைகின்றன.

சிற்றூரில் எளிதாக விளங்கும் இப்பொதுமை பெருநகரில் எவ்வாறு நிலைபெறும்? நகரத்து அடுக்குமாடி ஒன்றை நினைத்துப் பாருங்கள். இருபது குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. ஒருவர் வீட்டுச் சுவரே மற்றவர்க்கும் சுவராகிறது. ஆயினும் எதிர் வீட்டில் இருப்பவர் பெயரை அறியாதார் பலர். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு வேண்டும் துளைக்கருவி இருபது வீடுகளிலும் இருக்கும். ஆண்டில் ஓரிரு முறையே அது வெளியே எடுக்கப்படும். மாலையில் இருபது அடுப்புகள் தனித்தனியே எரியும். ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் பேச்சுத் துணையின்றித் தனியே உண்பார். மற்றொரு வீட்டில் பள்ளியினின்று திரும்பிய சிறுவன், பெற்றோர் வரும்வரை பூட்டிய கதவுக்குள் தனித்திருப்பான். பொருள் மிகுதியும் துணைக் குறைவும் ஒரே கட்டடத்தில் அருகருகே குடியிருக்கின்றன.

இக்குறையைப் போக்க வழி தேடிய நகரங்கள் சில உண்டு. அவற்றுள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம், டென்மார்க்கின் தலைநகரைச் சூழ்ந்த ஊர்கள், சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆகியவற்றின் வரலாறு நாம் அறியத்தக்கது. அங்குள்ளோர் ஒரே முயற்சியில் வெற்றி பெற்றவரல்லர். முதலிற் பிழை செய்து, பிழையின் காரணம் அறிந்து, பின்னர்த் திருந்திய வழியிற் சென்றனர்.

பெரிய செயலைக் காணுமுன் சிறியது ஒன்றைக் காண்போம். சுவீடனின் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரும்பாலானவற்றில் கீழ்த்தளத்திலோ முற்றத்திலோ பொதுச் சலவை அறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சலவைப் பொறி வைப்பதற்கு மாறாக, அனைவர்க்குமாகச் சில பொறிகள் அங்கே வைக்கப்பட்டிருக்கும். அறையின் வாயிலில் நாளும் வேளையும் குறித்த பலகை ஒன்றைப் பொருத்தியிருப்பர். குடியிருப்போர் தமக்கு வேண்டிய வேளையை அதில் முன்னதாகவே குறித்துக்கொள்வர். ஒருவர் குறித்த வேளையில் மற்றவர் புகுதல் ஆகாது. தம் வேலை முடிந்ததும் தரையைத் துடைத்து, அறையைத் தூய்மை செய்துவிட்டே வெளிவருதல் வேண்டும். இவ்விதி எளியது. ஆயினும் இதனை ஒருவர் மீறினால் அடுத்து வருபவர்க்குத் துன்பம் உண்டாகும். ஆகவே பகிர்ந்துகொள்ளுதலின் முதற்பாடத்தைச் சுவீடன் நாட்டுச் சிறுவர் சலவை அறையிலேயே கற்கின்றனர் என்னலாம்.

இன்னொன்று மோட்டார் வண்டி. சொந்த வண்டி ஒரு நாளின் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கின்றது. நிற்பதற்கும் அதற்கு இடம் வேண்டும். இதனைக் கருதிய சூரிச் நகரத்தார் சிலர் 1948ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வண்டிகளைப் பொதுவில் வாங்கி, முறைவைத்து ஓட்டினர். வண்டியைப் பகிர்ந்துகொள்ளும் சங்கங்களுள் இதுவே முற்பட்டது என்பர். பின்னர் 1987ஆம் ஆண்டில் அந்நாட்டில் இத்தகைய சங்கங்கள் இரண்டு தோன்றின. 1997ஆம் ஆண்டில் அவை ஒன்றாக இணைந்து, நாடு முழுவதும் பணிபுரியும் கூட்டுறவாக வளர்ந்தன.

நிற்க. சலவைப் பொறியையும் வண்டியையும் பகிர்வது எளிது. வாழ்க்கையையே பகிர்வது எளிதன்று. அவ்வரிய செயலில் முதலடி எடுத்துவைத்தவருள் ஒருவர் ஆல்வா மிர்டால் என்னும் சுவீடன் நாட்டுப் பெண்மணி. 1955 முதல் 1961 வரை இந்தியாவில் தம் நாட்டின் தூதராக விளங்கியவர் இவரே. உலகில் படைக்கலங்களைக் குறைப்பதற்கு உழைத்தமைக்காக 1982ஆம் ஆண்டில் நோபல் அமைதிப் பரிசும் பெற்றார். இளமையில் இவர் உள்ளத்தை வருத்திய வினா ஒன்று உண்டு. பெண்கள் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரியத் தொடங்கிவிட்டனர். ஆயினும் சமையலும் சலவையும் பிள்ளை வளர்ப்பும் அவர்கள் தலைமேலேயே இருந்தன. பகலெல்லாம் வெளியில் உழைத்தவர் மாலையில் வீட்டிலும் உழைத்தல் வேண்டுமோ? ஒரு கட்டடத்தில் வாழும் குடும்பங்கள் அனைத்தும் தனித்தனியே உலையேற்றுவது வீண் உழைப்பன்றோ? இவ்வாறு எண்ணிய அவர், கட்டடக் கலைஞராகிய சுவென் மார்க்கேலியஸுடன் சேர்ந்து புதியதோர் இல்லத்திற்குத் திட்டம் வகுத்தார்.

அவ்வில்லம் 1935ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் எழுந்தது. அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. கீழ்த்தளத்தில் பொதுச் சமையலறையும் உணவகமும் அமைந்தன. சமைத்த உணவை மாடிவீடுகளுக்கு ஏற்றுவதற்குச் சிறிய உணவுத் தூக்கிகள் பொருத்தப்பட்டன. வீட்டில் இருப்பவர் உணவு வேண்டுமெனச் சொல்லிவிட்டால், அது சுவருக்குள்ளேயே ஏறிவந்து அவர் வாயிலை அடையும். பெற்றோர் பணிக்குச் செல்லும் வேளையில் குழந்தைகளைக் காப்பதற்குப் பயிற்சி பெற்றவர் இருந்தனர். துணி துவைத்தலும் பொதுவாகவே நடைபெற்றது. கட்டடத்தை வகுத்த மார்க்கேலியஸ் தாமும் அங்கே குடிபுகுந்தார்.

இத்துணை வசதிகள் இருந்தும் அவ்வேற்பாடு நீடித்து நிற்கவில்லை. சில பத்தாண்டுகளில் பொது உணவகம் குறுகி, முன்னைய முறை கைவிடப்பட்டது. இதன் காரணம் யாது? அங்கே சமைத்தவர் வேறு, உண்டவர் வேறு. துவைத்தவர் வேறு, உடுத்தவர் வேறு. வேலை செய்தவர் யாவரும் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். கூலி உயர உயர உணவின் விலையும் உயர்ந்தது. ஏழையர் முதலிலிருந்தே அங்குப் புக இயலவில்லை. உணவு தூக்கியில் ஏறி ஒவ்வொருவர் வீட்டிற்கும் தனித்தனியே சென்றமையால், ஒரு கட்டடத்தார் ஒருவரையொருவர் காண வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று. பணம் கொடுத்துப் பெறும் பணி வாணிகம் ஆகுமேயன்றிக் கூட்டுறவு ஆகாது. வீட்டுப் பெண்களின் சுமை இறங்கியது உண்மையே. ஆயினும் அச்சுமை கூலி வாங்கிய வேறு பெண்களின் தலைக்கு மாறியது.

இப்பிழையைத் திருத்தும் வழி எதிர்பாராத வகையில் தோன்றியது. ஸ்டாக்ஹோமின் புறநகராகிய ஹெஸ்ஸல்பியில் இதே முறையில் பெரியதோர் இல்லம் 1950களில் கட்டப்பட்டிருந்தது. 1970களின் நடுவில் அதன் உரிமையாளர், பொது உணவகத்தால் வருவாய் இல்லை எனக் கண்டு அதனை மூட முற்பட்டார். குடியிருப்போருள் சிலர், ‘சமைப்பவர் இல்லையேல் நாமே சமைப்போம்’ எனத் துணிந்து அடுக்களையிற் புகுந்தனர். முறைவைத்துச் சமைத்தனர்; முறைவைத்துப் பாத்திரம் துலக்கினர். உணவின் விலை குறைந்தது. அதனினும் மேலாக, ஒன்றாக வேலை செய்தவர் ஒருவரையொருவர் அறிந்தனர். இழப்பு எனக் கருதப்பட்டதே ஆக்கமாயிற்று.

அக்காலத்தில் பல துறைகளைச் சேர்ந்த சுவீடன் நாட்டுப் பெண்கள் சிலர் ஒரு குழுவாகக் கூடி இதனை ஆராய்ந்தனர். வீட்டு வேலை இழிவானது, அதனைப் பிறர்பால் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் பழைய எண்ணத்தை அவர்கள் மறுத்தனர். சமைத்தலும் பிள்ளைகளைப் பேணலும் மதிப்புடைய தொழில்கள். அவற்றை ஆண்களும் பெண்களும் பலராகச் சேர்ந்து செய்தால் சுமை குறையும், மகிழ்ச்சி பெருகும் என்றனர். கூட்டு இல்லம் மிகப் பெரியதாக இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் அறியார். மிகச் சிறியதாக இருந்தால் வேலைக்குக் கை போதாது. ஆதலின் சில பத்துக் குடும்பங்கள் கொண்ட இல்லமே தக்கது எனவும் அவர்கள் கண்டனர்.

இனி, கடல் கடந்து அண்டை நாடாகிய டென்மார்க்கிற்குச் செல்வோம். அங்கே யான் குட்மண்ட் ஹோயர் என்னும் கட்டடக் கலைஞர், 1964ஆம் ஆண்டில் தம் நண்பர் சிலருடன் கூடி ஆலோசித்தார். அடுக்குமாடியின் தனிமையும் வேண்டா, வேலியிட்ட தனிவீட்டின் தனிமையும் வேண்டா என அவர்கள் முடிவு செய்தனர். தலைநகராகிய கோபன்ஹேகனுக்கு அருகில் நிலம் வாங்கி, பொதுவீடு ஒன்றைச் சூழப் பன்னிரண்டு இல்லங்கள் கட்டத் திட்டமிட்டனர். ஆனால், பிள்ளைகள் பலர் ஒன்றுகூடினால் தம் அமைதி கெடும் என அப்பகுதியில் முன்னரே குடியிருந்தோர் அஞ்சி எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது. நண்பர் சிலர் சோர்ந்து விலகினர்.

ஹோயர் சோரவில்லை. தம் கருத்தை விளக்கி 1968ஆம் ஆண்டில் செய்தித்தாள் ஒன்றில் கட்டுரை எழுதினார். அதற்கு முந்திய ஆண்டில் போடில் கிரோ என்னும் பெண் எழுத்தாளரும் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்பது அதன் தலைப்பு. ஒரு பிள்ளை எந்த வாயிலில் நுழைந்தாலும் அன்போடு வரவேற்கப்படுதல் வேண்டும் என்னும் கருத்து அதில் விளங்கியது. இவ்விரு கட்டுரைகளையும் படித்த குடும்பங்கள் பல, தாமும் அவ்வாறு வாழ விழைவதாகத் தெரிவித்தன. அதன் பயனாக 1972ஆம் ஆண்டில் செட்டெடாமன் என்னும் குடியிருப்பு 27 வீடுகளுடன் எழுந்தது. அடுத்த ஆண்டில் ஸ்க்ராபிளானெட் என்னும் குடியிருப்பு 33 வீடுகளுடன் அமைந்தது. எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்த உழைப்பு வீண் போகவில்லை.

இக்குடியிருப்புகளில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனிக் கதவும் தனிச் சமையலறையும் உண்டு. தனித்திருக்க விரும்புவோரைக் கூடி உண்ணுமாறு எவரும் வற்புறுத்துவதில்லை. ஆயினும் வீடுகளின் நடுவே பொதுவீடு ஒன்று இருக்கும். அங்கே பலர் ஒருங்கே உண்ணுதற்குரிய கூடமும் பெரிய அடுக்களையும் உண்டு. வண்டிகளைக் குடியிருப்பின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்வர். ஆதலின் வீடுகளுக்கு இடையே உள்ள வெளி பிள்ளைகள் அஞ்சாது ஓடியாடும் இடமாகிறது. இத்தகைய குடியிருப்பை டென்மார்க் மொழியில் ‘போஃபெல்லெஸ்காப்’ என்பர். வாழ்தல் என்னும் பொருளுடைய சொல்லும் கூட்டுணர்வு என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்து இது ஆயிற்று. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இருவர் டென்மார்க்கிற்குச் சென்று இம்முறையை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர்; 1991ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இம்முறையைப் பின்பற்றிய குடியிருப்பு ஒன்று தோன்றியது.

ஸ்டாக்ஹோம் நகரில் 1993ஆம் ஆண்டில் எழுந்த இல்லம் ஒன்றும் இங்குக் கூறத்தக்கது. ஃபேர்ட்க்னெப்பன் என்பது அதன் பெயர். 43 வீடுகளையுடைய அவ்வில்லம், பிள்ளைகள் வளர்ந்து பிரிந்து சென்றபின் தனித்து நிற்கும் நடுவயதினர்க்கும் முதியோர்க்கும் உரியது. ஒவ்வொருவரும் தம் வீட்டின் அளவைச் சிறிது குறைத்துக்கொண்டனர். அவ்வாறு மிஞ்சிய இடமெல்லாம் சேர்ந்து உண்ணும் கூடமாகவும், நூலறையாகவும், தறி நெய்யும் அறையாகவும், விருந்தினர் தங்கும் அறையாகவும் மாறியது. கொடுத்தது சிறிது, பெற்றது பெரிது. அங்கு வாழ்வோர் பல குழுக்களாகப் பிரிந்து, வாரம் ஒரு குழுவாகச் சமையலையும் தூய்மைப் பணியையும் ஏற்கின்றனர்.

இம்முறையின் பயனை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். நாற்பத்திருவர் வாழும் இல்லம் ஒன்றைக் கொள்வோம். அவர்களை எழுவர் எழுவராக ஆறு குழுக்கள் ஆக்குவோம். வாரத்தில் ஐந்து மாலைகள் பொதுவுணவு எனின், ஆறு வாரங்களில் முப்பது மாலைகள் ஆகும். ஒருவர் தம் முறை வரும் வாரத்தில் ஐந்து மாலைகள் சமைப்பார். எஞ்சிய இருபத்தைந்து மாலைகளில் அமர்ந்து உண்பார். தனியே வாழ்ந்திருந்தால் அம்முப்பது மாலைகளிலும் அவரே அடுப்பின்முன் நிற்றல் வேண்டும். ஐந்து நாள் உழைப்பு முப்பது நாள் உணவாகிறது. கணக்கிற்கு அகப்படாத பயனும் உண்டு: ஒரு மாலையில் உணவுக்கு வராதவரை, ‘ஏன் வரவில்லை, உடல்நலம் இல்லையோ?’ எனச் சென்று கேட்பதற்கு நாற்பது பேர் இருக்கின்றனர்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம் இம்முறைக்கு வேறொரு வகையில் வலிமை சேர்த்தது. பெருநகரில் நிலத்தின் விலை ஆண்டுதோறும் ஏறும். அதனோடு வாடகையும் ஏறும். எளியோர் நகரைவிட்டு நெடுந்தொலைவு செல்ல நேரும். இதற்கு மாற்றாகச் சூரிச் நகரத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்துவந்தனர். இச்சங்கத்தில் சேர்பவர் ஒரு பங்குத் தொகை செலுத்துவர். வீட்டைவிட்டுச் செல்லும்போது அதனைத் திரும்பப் பெறுவர். கட்டடம் சங்கத்தின் உடைமை. கட்டியதற்கும் பழுது பார்ப்பதற்கும் கடனை அடைப்பதற்கும் ஆகும் செலவு எவ்வளவோ அவ்வளவே வாடகையாக வாங்கப்படும். இலாபம் என்பது எவர்க்கும் இல்லை. ஆதலின் நிலத்தின் விலை ஏறுவதனால் வாடகை ஏறுவதும் இல்லை. நகரின் வாடகை வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு 2050ஆம் ஆண்டளவில் இத்தகைய இலாப நோக்கற்ற வீடுகளாக இருத்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை, 2011ஆம் ஆண்டில் நடந்த வாக்கெடுப்பில் அந்நகரத்தார் பெருவாரியாக ஏற்றனர்.

கூட்டுறவு நெறி நமக்கும் புதிதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் நெசவாளர் முதலிய உழைப்பாளிகள் தமக்கெனக் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அந்நெறியைப் பின்பற்றி 1904ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அரிசியும் பருப்பும் வாங்குதற்குப் பயன்பட்ட அதே நெறியே சூரிச்சில் வீடு கட்டுதற்கும் பயன்பட்டது.

அந்நகரில் டிராம் வண்டிகள் இரவில் நிறுத்தப்படும் கொட்டகை ஒன்று உண்டு. அவ்விடம் கால்க்பிரைட்டே எனப்படும். அங்கே வீடுகள் கட்டலாகாதோ என அப்பகுதி மக்கள் சிலர் எண்ணி, 2007ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நிலம் நகராட்சிக்கே உரியதாக இருக்க, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை நெடுங்காலக் குத்தகையாகச் சங்கம் பெற்றது. 2014ஆம் ஆண்டில் கட்டடம் நிறைவெய்தியது. கீழே டிராம் வண்டிகள் வழக்கம் போல வந்து நிற்கின்றன. அக்கொட்டகையின் மேற்றளமே முற்றமாகவும் தோட்டமாகவும் விளங்குகின்றது. அதனைச் சூழ ஏறத்தாழ 250 பேர் குடியிருக்கின்றனர். அம்முற்றத்தில் ஊரார் எவரும் வந்து அமரலாம். அங்கே குடியிருப்போர் சொந்த மோட்டார் வண்டி வைத்துக்கொள்வதில்லை. மிதிவண்டிகளுக்கே இடம் விடப்பட்டுள்ளது. விருந்தினர் என்றோ ஒரு நாள் வருவதற்காக ஒவ்வொருவரும் ஓர் அறையை வாளா பூட்டிவைக்காமல், அனைவர்க்கும் பொதுவாக விருந்தினர் அறைகளை அமைத்துள்ளனர்.

கூடி வாழ்தலில் இடர்ப்பாடு இல்லையோ எனின், உண்டு. எச்செயலுக்கும் கூட்டம் கூடிப் பேசுதல் வேண்டும், பேச்சு நீளும், கருத்து மாறுபடும். தம் முறையைத் தட்டிக்கழிப்பவரும், எல்லாவற்றையும் தம் விருப்பப்படியே நடத்த முனைபவரும் எங்கும் இருப்பர். நிலம் தேடுதற்கும் கடன் பெறுதற்கும் பல ஆண்டுகள் ஆவதால், தொடங்கியவர் பலர் இடையில் விலகுவர். இவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. ஒத்த கல்வியும் ஒத்த செல்வமும் உடையோர் மட்டும் கூடித் தம்முள் அன்பாக வாழ்ந்து, பிறரை வெளியே நிறுத்திவிடுவாராயின், அக்கூட்டு இல்லமும் பெரியதொரு தனிவீடே ஆகும். கால்க்பிரைட்டே முற்றத்தின் வாயில் ஊரார்க்குத் திறந்திருப்பதன் சிறப்பு இதனால் விளங்கும்.

இவ்வரலாறுகளால் நாம் அறிவன மூன்று. தனிமை வேண்டுவார்க்குத் தனிக் கதவு இருத்தல் வேண்டும். இன்றேல் கூட்டுறவு சிறையாகும். பொதுப் பயனைப் பெறுவார் பொதுப் பணியிலும் கை வைத்தல் வேண்டும். இன்றேல் அது வாணிகமாகும். பொதுப்பொருளைக் கொண்டு எவரும் தமக்கென இலாபம் தேடாதிருத்தல் வேண்டும். இன்றேல் அது சில நாளில் ஒருவர் உடைமையாகும்.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை பெருநகரங்களில் வாழப் போகின்றவர். அங்கே உங்களுக்கு வாய்க்கும் வீடு சிறியதாக இருக்கலாம். அதன் கதவுக்கு அப்பால் உள்ள மாடிப்படியும், முற்றமும், மொட்டை மாடியும் எவருடையவை எனக் கேட்டுப் பாருங்கள். எவருடையனவும் அல்ல எனக் கருதுவோர் அங்கே குப்பையைக் கொட்டுவர். நம் அனைவருடையன எனக் கருதுவோர் அவற்றைப் பெருக்கித் தூய்மை செய்வர். அண்டை வீட்டு முதியவரையும் அழைத்துவந்து அங்கே அமர்த்துவர். ஊருணிக்குக் கரை கட்டிய கைகள் செய்த வேலையும் அதுவே.